பதினேழாம் நம்பர் பத்லி

மேல் ரூமிலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே இழுவையில்.

“மஞ்சப் பை, ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி. செவப்புப் பை, ட்யூபு, செலைன் பாட்டிலு. நீல டப்பா... நீல டப்பா, ஊசி...”

கீழே ஸ்டவ்வுக்கு முன்னால் குந்தியிருந்த மாடத்தி, தேயிலை போடப்போன கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து கத்தினாள்.

“யக்கா! நீலம் கண்ணாடிக்கு! ஊசிக்கு வெள்ள டப்பா! எத்தன மட்டம் சொல்லுதேன்?”

“ஆமாட்டி, ஆமா. வெள்ள டப்பா.” குரல் மறுபடி தொடக்கத்துக்குப் போயிற்று. “மஞ்சப் பை, ரத்தம் பட்ட பஞ்சு...”

ஒப்பித்துக்கொண்டிருந்தது பிள்ளை அல்ல; நாற்பத்தெட்டு வயது விஜயராணி. நவி மும்பை நெருளில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாக்களிடம் லீவு சொல்லிவிட்டு, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, தாராவிக்கு வந்து சேர்ந்திருந்தாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், லேபர் ஆபீஸ் அதிகாரிகள் முன்னால் அவள் உட்கார வேண்டும். பதினான்கு வருடமாக இங்கே வார்டில் வேலை பார்த்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அந்த வார்டுக்குள் கால் வைத்ததில்லை. வேலை பார்த்தவள், கீழே அவளுக்குச் சாயா போட்டுக்கொண்டிருந்த மாடத்தி.

“மம்மி, யே க்யா நாடக் ஹை? என்ன கூத்து இது?” வாசற்படியில் உட்கார்ந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருந்த மகள் வந்தனா கேட்டாள். இருபது வயது. கூரியர் ஆபீஸ் ஒன்றில் பில் போடுகிற வேலை. “ராப்பகலா வேல பாத்தது நீ. பர்மனெண்ட் ஆகப்போறது பெரியம்மா. நீ அவங்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டுச் சாயா குடுக்குற. வாவ்.”

“மெதுவா பேசு. மேல கேக்கும்.”

“கேக்கட்டும்.”

மாடத்தி தேயிலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். தன் வாழ்க்கையைத் தானே இன்னொருத்திக்கு மனப்பாடம் செய்து கொடுக்கிற நிலை எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம். அவளுக்கு வந்திருந்தது.

அது வந்த கதை இதுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் பத்லி என்று ஓர் ஏற்பாடு. நிரந்தர ஊழியர் யாராவது வராவிட்டால் அன்றைக்கு மட்டும் அவர் இடத்துக்குப் போகிற மாற்றாள். காலை ஆறரை மணிக்குப் பின்வாசல் கேட்டில் பத்லிகள் வரிசையாக நிற்பார்கள். முகாதம், அதாவது ஆளெடுக்கிற மேஸ்திரி, காகிதத்தைப் பார்த்து நம்பர் கூப்பிடுவான். நம்பர் வந்தால் வேலை. வராவிட்டால் வீடு. ஆனால் ஓய்வு பெற்றுப் போன நிரந்தர ஊழியர்களின் இடத்துக்கு ஆஸ்பத்திரி ஆளே எடுக்கவில்லை. பத்லிகள் தினமும் உள்ளே போனார்கள். யாருக்கு மாற்றாக? யாருமே இல்லாத காலி இடத்துக்கு மாற்றாக. வார லீவு கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அன்றைய சம்பளம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் ‘ப்ரேக்’ என்று வீட்டில் உட்காரவைத்து, தொடர்ந்து வேலை பார்த்ததாக எந்தக் காகிதத்திலும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு ஜோடி கையுறை. அதையே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு, நோயாளிக்கு மலச்சட்டி வைப்பார்கள், புண் துடைப்பார்கள், வாந்தி அள்ளுவார்கள். இந்த வேலை செய்கிற பெண்களை பம்பாயில் ‘மாவ்ஷி’ என்று கூப்பிடுவார்கள். சித்தி என்று அர்த்தம். உறவு சொல்லிக் கூப்பிடுவதில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள்.

விஜயராணி அந்தப் பத்லி லிஸ்டில் பதினேழாம் நம்பர். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது பளு தூக்க முடியவில்லை. அப்போது தாராவியில் அடுத்தடுத்த வீடு. மாடத்தியிடம் வந்து கேட்டாள்.

“மூணு மாசம் மட்டும் என் நம்பருல போயிட்டு வாட்டி. சும்மா விட்டா வேற எவளாவது ஏறிக்கிடுவா.”

அந்தச் சந்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் போனவளுக்கு, பின்னால் நிற்கிறவள் வரிசையைக் காத்துக் கொடுப்பாள். அப்படித்தான் பத்லி நம்பரையும் ஒருத்திக்காக இன்னொருத்தி காத்தாள். முதல் நாள் மாடத்தி பயந்து பயந்து முகாதமிடம் உண்மையைச் சொன்னாள். அவன் பான் மென்ற வாயோடு சிரித்தான்.

“முஜே நாம் நஹீ சாஹியே பாய், ஹாத் சாஹியே.”

பேர் வேண்டாம், கை போதும் என்றான். கை உள்ளே போயிற்று. மாடத்தி என்ற பேர் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

பிள்ளை பிறந்தது. விஜயராணியின் கணவன் இசக்கிராஜுக்கு நெருளில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று. பேரை மாற்றித் தரச்சொல்லி மாடத்தி முகாதமிடம் நின்றாள். “மாத்தலாம். புதுப் பேருன்னா லிஸ்டுல கடைசி. இன்னைக்குத்தான் மொத நாள்” என்றான். ஒரு வருட உழைப்பு போய்விடுமே என்று அவள் தயங்கினாள். அடுத்த வருடம், இரண்டு வருட உழைப்பு போய்விடுமே என்று தயங்கினாள். தப்புக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. வங்கிக் கணக்கு விஜயராணி பேரில், ஏ.டி.எம். அட்டை மாடத்தி கையில். அதில் ஒரு ரூபாயைக்கூட விஜயராணி தொட்டதில்லை. அவள் நல்லவள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வார்டில் எல்லோருக்கும் மாடத்திதான் விஜயா மாவ்ஷி. யாராவது பின்னாலிருந்து “விஜயா!” என்றால் சட்டென்று திரும்புவாள். அந்தப் பேருக்குள் குடியிருந்து பழகிவிட்டது.

ஆனால் ஏழு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், அந்தப் பேர் அவள் நெஞ்சைக் கீறிப் பார்த்தது.

அவள் கணவன் மாசானம் பை தைக்கிற பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவன். தைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே மெஷின்மேல் சாய்ந்தான். பட்டறை ஆட்கள் டாக்ஸியில் போட்டு, “அவன் பொண்டாட்டி வேல பாக்குற எடம்தானே” என்று அந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். மாடத்தி ட்யூட்டியில் இருந்த ஆண்கள் வார்டுக்கே ஸ்ட்ரெச்சர் வந்தது. பட்டறை ஆட்கள் வாசலிலேயே திரும்பிவிட்டார்கள்; கூடவே வந்தது பள்ளிச் சீருடையில் பதின்மூன்று வயது வந்தனா மட்டும்.

சிஸ்டர் கேட்டாள், “விஜயா, இவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா?”

விஜயராணியின் கணவன் பேர் இசக்கிராஜ் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்தது. முகாதமின் முகம் கதவோரத்தில் தெரிந்தது.

“பக்கத்து வீட்டுக்காரங்க, சிஸ்டர்.”

சொல்லிவிட்டாள். தாலி கட்டியவனைப் பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லிவிட்டாள். “மம்மி” என்று வாய் திறந்த மகளைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் மாசானம் போய்விட்டான். உடம்பைத் துடைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்தது விஜயா மாவ்ஷிதான். அது அவள் வேலை. ஷிஃப்டு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதையும் முடித்துவிட்டு, சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துதான் அவள் அழுதாள்.

அதைப் பற்றித் தாயும் மகளும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

யூனியன் பல வருடம் வழக்காடியது. போன மாதம் தீர்ப்பு வந்தது. லிஸ்டில் உள்ள இருபத்துமூன்று பத்லிகளையும் நிரந்தரமாக்க வேண்டும். யூனியன் செயலாளர் மன்சூர் அலி, அவரும் முன்பு வார்டுபாயாக இருந்தவர்தான், கேட்டில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று ஒவ்வொரு பேராக வாசித்தார். பதினேழாவதாக விஜயராணி இசக்கிராஜ் என்று வாசித்தபோது மாடத்தியும் மற்றவர்களைப்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வார லீவு. சீக் லீவு. ஓய்வு பெற்றால் கையில் ஏதோ ஒன்று. நாற்பத்துநாலு வயதில் முதல்முறையாக அவள் முதுகு நிமிர்ந்தது.

மறுநாளே அது வளைந்துவிட்டது. ஆட்களைச் சரிபார்ப்பார்களாம். ஆதார் எண், கட்டைவிரல் ரேகை. பர்மனெண்ட் ஆனவர்களுக்குக் கேட்டில் இனி நம்பர் கூப்பிடுவது கிடையாது. தினமும் மெஷினில் விரல் வைக்க வேண்டுமாம். மாடத்தி மன்சூர் அலியிடம் ஓடினாள். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

“ஒரு பேரு போலின்னு தெரிஞ்சா, மொத்த லிஸ்டும் போலின்னு அவங்க வக்கீல் மேல் கோர்ட்டுக்குப் போயிருவாரு, தங்கச்சி. பேருக்குச் சொந்தக்காரி வந்து உக்காரட்டும். வேற வழி இல்ல.”

விஜயராணி வரச் சம்மதித்தாள். அவளுக்கும் தேவை இருந்தது. இசக்கிராஜுக்குச் சர்க்கரையில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். இனி அந்த வேலைக்கு அவள்தான் போக வேண்டும். “சம்பளத்துல சரிபாதி ஒனக்கு மாடத்தி, என் பிள்ளைங்க மேல சத்தியமா” என்று அவளாகவே சொன்னாள். சிஸ்டர்களும் ஒப்பந்த ஆட்கள்தான், இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் நிலைப்பதில்லை. மேட்ரனும் ஓய்வு பெற்றுப் போய்விட்டாள். முகாதம் வாய் திறந்தால் முதலில் அவனே மாட்டுவான். முகத்தைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. கேள்வி கேட்டால் பதில் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த ஒப்பித்தல்.

சாயாவை எடுத்துக்கொண்டு மாடத்தி இரும்பு ஏணியில் ஏறினாள். வந்தனாவையும் கூப்பிட்டாள்.

“எதுக்கு?”

“நீதான் பேஷண்ட்டு. வந்து படு.”

“ஹே பகவான்” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து பாயில் படுத்தாள் வந்தனா.

“படுக்கையில கெடக்குற ஆள எப்படிப் பொரட்டுவேன்னு கேப்பாங்க” என்றாள் மாடத்தி. “செஞ்சு காட்டு, பாப்போம்.”

விஜயராணி சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, வந்தனாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். முக்கினாள். வந்தனா அசையவில்லை.

“ஏட்டி, என்ன கனம் கனக்க! வடாபாவ் தின்னு தின்னு அம்மிக்கல்லா ஆயிட்ட.”

“பெரியம்மா, நான் கோமால இருக்கேன். பேசக் கூடாது.”

“கோமால இருக்கவ ஃபோன எதுக்குட்டி கையில வச்சிருக்க?”

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

“தோளப் பிடிச்சு இழுத்தா தோலு உரிஞ்சுரும், யக்கா. இங்க பாரு.” மாடத்தி முட்டி போட்டாள். வந்தனாவின் அந்தப் பக்கக் காலை மடக்கினாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை தோளுக்குப் பின்னால். தன் உடம்பைப் பின்னால் சாய்த்தாள். அவ்வளவுதான். வந்தனா காற்றில் திரும்பும் இலைபோலப் பக்கவாட்டில் திரும்பினாள். முதுகுக்குத் தலையணை, முழங்காலுக்கு நடுவில் துணி மடிப்பு, காது மடங்கியிருக்கிறதா என்று ஒரு தடவல். எல்லாம் பத்து நொடி.

வந்தனா அப்படியே படுத்துக் கிடந்தாள். தன் தாய் வேலை செய்வதை அவள் இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள். அது அப்பாவுக்குச் செய்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது எனக்கு வருமாட்டி?” என்றாள் விஜயராணி மெல்ல.

“வரும். ஆயிரம் பேரப் பொரட்டினா வந்துரும்.”

அப்போதுதான் ஃபோன் அடித்தது. மன்சூர் அலி.

“தங்கச்சி, ஒரு சோலி கெட்டுப்போச்சு. மேனேஜ்மெண்ட் ஆளுங்க காயம் எழுதுற புத்தகத்த காப்பி எடுத்திருக்காங்க. யாரு பேருல காயம் இருக்கோ, நாளைக்கு அந்த ஆளு உடம்ப ஒரு டாக்டர் பாத்துச் சரி பாப்பாராம். பதினேழாம் நம்பர் பேருல ஒரு எரிகாயம் இருக்கு. எடது கையி. அது யாரு கையி?”

மாடத்தி தன் இடது கையைப் பார்த்தாள்.

“என் கையி, அண்ணே.”

ஃபோனில் குர்லா ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்மா” என்றார் கடைசியில். “மத்த இருபத்திரண்டு வீட்டு அடுப்பும் இதுல இருக்கு. ஒன் வீட்டு அடுப்பும் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு.”

ஆறு வருடத்துக்கு முன் நடந்தது. ஆபரேஷன் கருவிகளை நீராவியில் அவிக்கிற மெஷினின் கதவு ரப்பர் தேய்ந்து போயிருந்தது. மாவ்ஷிகள் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கதவைத் திறக்கும்போது நீராவி சீறி அவள் முன்கையைத் தின்றது. கையைப் பிடித்துக்கொண்டு துடித்தவளைப் பார்த்து அப்போதைய மேட்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே புத்தகத்தில் எழுதினாள். இடது முன்கை, உள்பக்கம், முழங்கைக்குக் கீழே, ஒரு சாண் நீளம். “எழுதி வைக்கிறேன் விஜயா. என்னைக்காவது உனக்கு உதவும்” என்றாள். பதினான்கு வருடத்தில் அந்த ஆஸ்பத்திரி மாடத்தியைப் பற்றி அன்பாக எழுதிய வரி அது ஒன்றுதான். அந்த ஒரு வரிதான் இன்றைக்கு அவள் கழுத்துக்கு வந்து நின்றது.

மாடத்தி முன்கையைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினாள். சூடு பட்டுச் சுருங்கிய பாலிதீன் பைபோலத் தோல் மினுங்கியது.

“ஆறிப்போச்சுன்னு சொல்லிருவோமா?” என்றாள் விஜயராணி.

“இது ஆறுற காயமா யக்கா? நல்லாப் பாரு.”

விஜயராணி பார்த்தாள். அந்தத் தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினாள். பிறகு எழுந்து, தண்ணி குடிக்கப் போகிறேன் என்று ஏணியில் இறங்கினாள்.

வந்தனா எழுந்து உட்கார்ந்தாள். “அப்ப எல்லாம் ஃபினிஷ். இல்ல மம்மி?”

மாடத்தி முந்தானையை இழுத்துத் தழும்பை மூடினாள்.

“ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு பப்பாவ ஸ்ட்ரெச்சர்ல வச்சிருந்தப்போ, கூப்பிடாதன்னு கண்ணக் காட்டுன. நான் கூப்பிடல. பப்பா கண்ணத் தொறந்து உன்னத்தான் தேடுனாரு. நான் அப்பவும் கூப்பிடல. இந்த நம்பருக்காகத்தானே? இதுவும் போகப்போகுதுன்னா, நாம எதுக்கு மம்மி...”

மாடத்தி மகளின் தலையைத் தொடப் போனாள். அதற்குள் கீழேயிருந்து ஒரு வாடை வந்தது. தோல் கருகும் வாடை. அது மாடத்திக்குத் தெரியாதா?

“யக்கா!”

ஏணியில் இறங்கவில்லை, குதித்தாள். ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. விஜயராணி தோசைக் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது முன்கையில் அழுத்தியிருந்தாள். மாடத்தி கரண்டியைத் தட்டிவிட்டாள். அது மோரியில், பாத்திரம் கழுவுகிற மூலையின் ஈரத் தரையில் விழுந்து சீறியது.

“பைத்தியமா ஒனக்கு! என்ன காரியம் செஞ்ச!”

“ஒனக்குப் பட்டது எனக்கும் பட்டுட்டுப் போகட்டும்” என்று விஜயராணி தேம்பினாள். “பதினாலு வருசம் நீ எரிஞ்ச. ஒரு நாளு நான் எரிஞ்சா என்னட்டி?”

மாடத்தி அவளை மோரியில் உட்காரவைத்தாள். டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மக்கில் மொண்டு மொண்டு, அந்தக் கையில் மெதுவாக ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை வரைக்கும் அந்த வீட்டுக்கு இருந்த தண்ணீர் அது.

“எரியுதா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத. எரியுதுன்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. எரியலன்னாத்தான் ஆழமாப் போயிருக்குன்னு அர்த்தம்.”

“எரியுதுட்டி. ரொம்ப எரியுது.”

“நல்லது.”

விரல் அகலத்துக்கு மூன்று அங்குலம் சிவந்து கொப்பளித்திருந்தது. மாடத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் குரல் வார்டில் பேசும் குரலாக மாறியிருந்தது. நிதானமாக, பதறாமல்.

“இன்னைக்குச் சுட்ட புண்ணு இன்னைக்குச் சுட்ட புண்ணுதான், யக்கா. நாளைக்கு டாக்டரு ஒரு பார்வ பாத்தாத் தெரிஞ்சுரும். ஒன்னப் பிடிப்பான். பொறவு என்னப் பிடிப்பான். பொறவு இருபத்திரண்டு பேரையும் வெளிய நிறுத்துவான்.”

“அப்ப என்னதான் செய்ய?”

“வெரலு ஒன்னோடது. கையி என்னோடது. ரெண்டையும் சேத்துத் தைக்க எந்த டாக்டராலயும் ஆகாது.” மக்கைக் கீழே வைத்தாள். “நீ வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு. இன்னைக்கே. பதினேழாம் நம்பர் லிஸ்டுல இல்லன்னா, அந்தக் காயத்த எவனும் தேட மாட்டான்.”

“பதினாலு வருசம்டி! நான் எப்படி ஒரு கையெழுத்துல...”

“நீதான் போட முடியும். நான் போட்டாச் செல்லாது.”

சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூடத் தேவலை.

வந்தனா நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது, ஹிந்தியில் எழுதினாள். எழுதி, வாசித்து, தமிழில் சொன்னாள். பத்லி நம்பர் பதினேழு, விஜயராணி இசக்கிராஜ் ஆகிய நான், குடும்பக் காரணத்தால், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்.

“சொந்த விருப்பம்” என்று மாடத்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “சரி. இருக்கட்டும்.”

“எத்தன வருஷம் வேல பாத்தாங்கன்னு எழுதணுமா?” என்று வந்தனா கேட்டாள். அவள் கண்ணீர் ஒரு சொட்டு தாளில் விழுந்து, ஒரு எழுத்தைக் கலைத்திருந்தது.

“வேண்டாம். அது அவங்களுக்குத் தெரியும்.”

விஜயராணி கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் பெருவிரலைப் பேனா மையில் தொட்டு வைத்தாள். மாடத்தி பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு சுத்தமான கட்டுத்துணி எடுத்து அவள் கையில் இறுக்காமல் சுற்றினாள். முடிச்சைப் புண்ணின்மேல் வராமல் பக்கவாட்டில் போட்டாள்.

“கொப்புளத்த ஒடைக்காத. தண்ணியில போடாத. நாலு நாளு பாத்திரம் தேய்க்கப் போகாத.”

“போகாம எப்படிட்டி?”

“அது தெரியும். சொல்லி வைக்கிறேன்.” பதினான்கு வருடமாக எல்லா நோயாளிகளிடமும் அவள் சொன்னது இதுதான். இந்த நோயாளியோடு விஜயா மாவ்ஷியின் வேலை முடிந்தது.

விஜயராணி ஏ.டி.எம். அட்டையைக் கேட்கவில்லை. மாடத்தியே எடுத்து அவள் பைக்குள் போட்டாள். காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கொடுத்தாள். குர்லாவில் இறங்கி மன்சூர் அலி கையில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நெருளுக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

வாசலில் செருப்பு மாட்டியபோது விஜயராணி நின்றாள். சந்தில் யாரோ டி.வி.யைச் சத்தமாக வைத்திருந்தார்கள்.

“நாளைக்கு நீ என்ன செய்வ?”

“ஆறரைக்குக் கேட்டுல நிப்பேன். மாடத்தின்னு பேரு குடுப்பேன். கடைசி நம்பர் எதுவோ அதக் குடுப்பான்.”

“குடுப்பானா?”

“தெரியல.”

“இந்த வயசுல...” என்று ஆரம்பித்த விஜயராணி, மாடத்தியின் இடது கையைப் பிடித்தாள். தழும்புள்ள இடத்தில். பிறகு விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சந்தில் இறங்கினாள். சாக்கடை மூடிகளின்மேல் அவள் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

“போயிட்டாங்களா, மம்மி?” என்று உள்ளேயிருந்து வந்தனா கேட்டாள்.

“போயிட்டா.”

மழைக்கு ஊறிய பலகைக் கதவு அது. சும்மா சாத்தினால் மூடாது. மாடத்தி இடது முன்கையைக் கொடுத்து அழுத்தித் தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டாள்.